உலகத் தமிழ் மாநாடுகளும் அவற்றிற்கு முந்தைய கூட்டங்களும்

மாநாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பந்தலும் தோரணமும் ஊர்வலமும் பொன்னாடையுமே. அம்மாநாடு கூடுவதற்கு ஓராண்டோ ஈராண்டோ முன்பு, ஏதோ ஓர் அறையில் ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, யாரை அழைப்பது, எந்நாளில் கூடுவது, பயணச் செலவை யார் தருவது, எத்தனை கட்டுரைகளை ஏற்பது என்று வாதிட்டுக்கொண்டிருந்தது எவர் நினைவிலும் நிற்பதில்லை. வரலாறு எழுதுவோரும் தொடக்கவுரையையும் தீர்மானங்களையும் எழுதிவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். தாயகத்தை விட்டு வந்து இத்தலைநகரில் வாழும் நாம் பொங்கல் விழாவிற்கும் ஆண்டு விழாவிற்கும் முன் நடக்கும் செயற்குழுக் கூட்டங்களில் அமர்ந்து பழகியவர்கள். மண்டபத்திற்கு முன்பணம் கட்டியவர் யார், ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லிவைத்தவர் யார் என்ற வினாக்களில்தான் விழா நிற்பதும் விழுவதும் என்பதை அறிவோம். நாம் அறிந்த ஒரு சங்கத்தில், சொற்பொழிவாளர் வரும் வண்டியை இருவர் இருவிதமாகக் குறித்துக்கொண்டதால், அவர் புது தில்லி நிலையத்திலும் மாலையேந்திய வரவேற்புக் குழுவினர் நிசாமுதீன் நிலையத்திலுமாக ஒரு முற்பகல் முழுவதும் காத்திருந்ததுண்டு. ஆகவே, உலகத் தமிழ் மாநாடுகளின் வரலாற்றை அந்த மேசையின் பக்கமிருந்து நோக்குவது நமக்குப் பொருத்தமே.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மேசைகளுள் முதலாவது போடப்பட்டது சென்னையிலன்று; மதுரையிலுமன்று; நாம் வாழும் இந்தத் தில்லியில். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதனை அறிவர்?

1873ஆம் ஆண்டு பாரிசு நகரில் தொடங்கியது உலகக் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாடு. எகிப்து முதல் சப்பான் வரை பரந்த நிலப்பரப்பின் மொழி, சமயம், வரலாறு ஆகியவற்றை ஆராயும் மேலை நாட்டு அறிஞர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நகரில் கூடிக் கட்டுரை படித்துக் கலைந்து செல்வர். 1960இல் அது மாஸ்கோவில் கூடியது. அடுத்ததாகிய 26ஆவது மாநாடு 1964 சனவரி 4 முதல் 10 வரை தில்லியில் நடைபெற்றது. இந்திய மண்ணில் அது கூடியது அதுவே முதன்முறை. பனி மூடிய அந்த வாரத்தில் நாட்டின் கவனம் வேறிடத்தில் இருந்தது. புவனேசுவரத்தில் நடந்த காங்கிரசு மாநாட்டில் பிரதமர் நேரு நோய்வாய்ப்பட்ட செய்தி வந்து மக்களைக் கலக்கிய வாரம் அது. அதனிடையே தலைநகரின் ஓர் அறையில் தமிழாய்வாளர் சிலர் கூடிப் பேசியதை யார் பொருட்படுத்தியிருக்கப் போகின்றனர்?

அவர்கள் ஏன் கூடினர் என்பதை அறிய, அந்நாளைய அறிவுலகில் தமிழ் பெற்றிருந்த இடத்தைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். கீழ்த்திசை ஆய்வு என்னும் பேரில்லத்தில் இந்தியவியலுக்கு ஒரு கூடம் உண்டு. அக்கூடத்தின் நடுவிடம் பெரும்பாலும் வடமொழிக்கும் பாலிக்குமே உரியதாயிருந்தது. திராவிட மொழிகள் பற்றிப் பேச வந்தவர்க்குக் கிடைத்தது திண்ணைதான். இது பகைமையால் விளைந்தது என்று நாம் கூறமாட்டோம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வடமொழிக்கு இருக்கைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டன. தமிழுக்கு அவ்வாறு அமையவில்லை. இருக்கை இல்லாத துறைக்கு மாணவர் இல்லை. மாணவர் இல்லாத துறைக்கு மாநாட்டில் அமர்வு இல்லை. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இலேயே வெளிவந்திருந்தும், அதன்மேல் ஒரு நூற்றாண்டிற்குப் பின்னரே, 1961இல், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி ஆக்சுபோர்டிலிருந்து வெளிவந்தது. அந்நூல் வந்து மூன்றாண்டுகூட ஆகாத நிலையில்தான் தில்லி மாநாடு கூடியது. காலம் கனிந்திருந்தது எனலாம். எனினும் கனிந்ததைப் பறிக்க ஒரு கை வேண்டும்.

அந்தக் கை சேவியர் தனிநாயகம் அடிகளாருடையது. 1913இல் இலங்கையின் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, கத்தோலிக்கத் துறவியாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர் அவர். 1952இல் ‘தமிழ்க் கலாச்சாரம்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு காலாண்டிதழைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ஏன் என்று அன்றே சிலர் வினவியிருக்கக்கூடும். தமிழரல்லாதார் தமிழைப் பற்றி அறிய வேண்டுமாயின், அவர்க்குத் தெரிந்த மொழியிலன்றோ சொல்ல வேண்டும்? அவ்விதழ் 1966 வரை வந்தது. அதில் எழுதியவர்கள் பல நாட்டினர். செக்கோசுலோவாக்கிய நாட்டுக் கமில் சுவலபில் போன்ற இளம் ஆய்வாளர்க்கு அது ஒரு களமாயிற்று. இதழாசிரியர் என்ற முறையில் அடிகளார் எழுதிய கடிதங்கள் வழியே, எந்நாட்டில் எவர் தமிழின் எப்பகுதியை ஆராய்கிறார் என்ற செய்தி அவர் கைக்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் நடந்த மாநாடுகளுக்கெல்லாம் அழைப்புப் பட்டியல் அவ்விதழின் பக்கங்களிலேயே உருவாகிக்கொண்டிருந்தது என்பது நம் கருத்து. தில்லிக் கூட்டம் ஒரு நாளில் நடந்தது உண்மையே. அதற்குரிய ஆயத்தம் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது.

1961இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியரானார். தில்லி மாநாடு நெருங்கியபோது, அவரும் கேரளப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியமும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை விடுத்தனர். தில்லிக்கு வரும் பேராளர்களுள் தமிழிலும் திராவிட மொழிகளிலும் ஈடுபாடு உடையோர் தனியே ஒருமுறை கூடிப் பேச வேண்டும் என்பது அதன் கருத்து. இதிலுள்ள நடைமுறை அறிவை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பாரிசிலும் ஆக்சுபோர்டிலும் பிராகிலும் உள்ள அறிஞர்களைத் தமிழுக்காக மட்டும் ஓரிடத்திற்கு அழைப்பதாயின் விமானச் செலவை யார் தருவார்? மன்றமும் இல்லை, பொருளும் இல்லை. ஆனால் அவர்களுள் பலர் எப்படியும் தில்லிக்கு வரப்போகிறார்கள். அதற்கான செலவும் முன்பே ஏற்பாடாகியிருக்கிறது. ஊரார் கட்டிய பந்தலில் நம் வீட்டு நிச்சயதார்த்தத்தையும் முடித்துக்கொள்வது போன்ற செயல் இது! சிக்கனம் அறிந்த நம் குடும்பத் தலைவியர் இதனைப் பெரிதும் பாராட்டுவர்.

1964 சனவரி 7ஆம் நாள் அக்கூட்டம் நடந்தது. தலைமை தாங்கியவர் பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் என்னும் அமைப்பை நிறுவுவதென்று அன்று முடிவாயிற்று. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவர். துணைத் தலைவர்களுள் பரோவும் எமனோவும் மீனாட்சிசுந்தரனாரும் இடம்பெற்றனர். செயலாளர் பொறுப்பைச் சுவலபிலும் தனிநாயகம் அடிகளாரும் ஏற்றனர்.

இப்பட்டியலை நாட்டுப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். தலைவர் பாரிசில், ஒரு செயலாளர் பிராகில், மற்றவர் கோலாலம்பூரில், துணைத் தலைவர்களுள் ஒருவர் ஆக்சுபோர்டில், ஒருவர் கலிபோர்னியாவில், ஒருவர் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில். உலகம் இரு வல்லரசுகளின் பக்கமாகப் பிளவுண்டு கிடந்த காலம் அது. பொதுவுடைமை நாடொன்றின் அறிஞரும் ஒரு கத்தோலிக்கத் துறவியும் ஒரே மன்றத்தின் இணைச் செயலாளர்களாய் அமர்ந்தது தமிழின் பொருட்டு நிகழ்ந்த சிறு வியப்பு. தமிழ் மன்றம் ஒன்றிற்குத் தமிழரல்லாதார் தலைவராவதா என்ற குறை அன்றும் பின்னும் சிலர்க்கு இருந்திருக்கலாம். நாம் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. பிறர் வந்து தலைமை ஏற்ற பின்னரே தமிழாய்வு உலக அவைகளில் திண்ணையிலிருந்து கூடத்திற்குள் புகுந்தது. மற்றொன்று: பெயரில் ‘ஆராய்ச்சி’ என்ற சொல் திட்டமிட்டே வைக்கப்பட்டது. அச்சொல்லை வைத்தே பிற்காலத்தில் எத்தனை பூசல்கள் எழுந்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

தில்லியிலிருந்து கலைந்தவர்கள் இரண்டாண்டும் மூன்று மாதமும் கழித்து மீண்டும் கூடினர். இடம் கோலாலம்பூர்; காலம் 1966 ஏப்ரல். அந்த இடைக்காலமே இக்கட்டுரையின் உண்மையான பொருள். இன்று ஒரு விரலசைவில் உலகின் மறுகோடிக்குச் செய்தி செல்கிறது. அன்றோ, ஒரு வினா வான் அஞ்சலில் போய் விடை வருவதற்குள் வாரங்கள் கழிந்துவிடும். கட்டுரையின் தலைப்பைக் கேட்டு ஒரு கடிதம். சுருக்கத்தை நினைவூட்டி ஒரு கடிதம். ‘என் பல்கலைக்கழகம் பயணச் செலவு தர மறுக்கிறது, நீங்கள் ஓர் அழைப்பு எழுதினால் இசையலாம்’ என்று வரும் கடிதத்திற்கு ஒரு விடை. தட்டச்சுப் பொறியும் மைத்தாளும் அஞ்சல் தலையுமே கருவிகள். இத்தகைய பணியைச் செய்தவர்க்கே அதன் சலிப்புத் தெரியும். சலியாமல் செய்தது ஒருபுறமிருக்க, அடிகளார் அதனோடு வேறு இரண்டு வேலைகளையும் செய்து முடித்தார். தமிழாய்வு குறித்த நூல்களைத் தொகுத்துக்காட்டும் வழிகாட்டி நூல் ஒன்று 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறிய அந்தாவ் டி புரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் மறுபதிப்பும் அவ்வாண்டே கோலாலம்பூரில் வெளிவந்தது. வருகின்றவர் கையில் கொடுக்க ஏதேனும் இருக்க வேண்டும் என்று எண்ணினார் போலும். விருந்திற்கு இலை போடுமுன் உப்பு வைப்பவர் அல்லரோ நல்ல இல்லத்தார்?

கோலாலம்பூரைத் தேர்ந்தது ஏன் என்று கேட்கலாம். தமிழகமிருக்க, ஈழமிருக்க, கடல் கடந்த நாட்டிலா முதல் உலகத் தமிழ் மாநாடு? அடிகளார் அங்கே பணியாற்றினார் என்பது வெளிப்படையான விடை. அதற்கு அடியில் வேறொரு விடையும் கிடக்கிறது. நம்மைப்போல் பிழைக்க வந்தவர்களின் கதை அது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு என்ன இடம் என்ற வழக்கு எழுந்தது. அங்கேயும் வடமொழியை முதன்மையாக்குவதா தமிழை முதன்மையாக்குவதா என்ற பழைய கேள்வியே. அப்போது ‘தமிழ் முரசு’ நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கினார். தோட்டத்தில் பால் வெட்டியவரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் ஆளுக்கொரு வெள்ளி என்று தந்தனர். பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்திற்கு அப்பணம் உதவிற்று. அப்பல்கலைக்கழகம் 1966இல் உலக அறிஞரை வரவேற்றபோது, வரவேற்புக் குழுவின் பட்டியலில் பெயர் ஏறாத ஆயிரக்கணக்கானோர் அதற்கு முன்பணம் கட்டியிருந்தனர் என்பதை மறத்தல் கூடாது.

காலமும் எளியதாக இல்லை. மலேசியா என்ற நாடே 1963 செப்டம்பரில்தான் உருவாகியிருந்தது. இந்தோனேசியா அதனை ஏற்காமல் பகைத்து நின்றது. 1965 ஆகசுட்டில் சிங்கப்பூர் பிரிந்தது. இங்கே தமிழகத்தில் 1965 சனவரியில் மொழிக் கிளர்ச்சி வெடித்தது. செப்டம்பரில் பாகிசுத்தானுடன் போர். இத்தனைக்கும் இடையில் ஒரு சிறு குழுவினர் தேதியை மாற்றாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். குறித்தபடி மாநாடு கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கி வைத்தார். கட்டுரைகள் மொழி, இலக்கியம் என்ற இரண்டோடு நில்லாமல் வரலாறு, சமூகவியல், கலை, தென்கிழக்காசியத் தொடர்பு எனப் பரந்தன. அவை 1968இலும் 1969இலும் இரு தொகுதிகளாக அச்சேறின. மாநாடு முடிந்த பின் கட்டுரைகளை அச்சிட்டுத் தருவதும் திட்டமிடலின் ஒரு பகுதியே. பந்தல் பிரித்தவுடன் கணக்கு முடிந்தது என்று கருதும் அமைப்பாளர் இதனைக் கருத்தில் கொள்வாராக.

கோலாலம்பூருக்கு வந்திருந்த அந்நாளைய சென்னை மாநில முதலமைச்சர் பக்தவத்சலம் அடுத்த மாநாட்டைச் சென்னைக்கு அழைத்தார். ஆனால் 1967இல் நடந்த பொதுத்தேர்தலில் காங்கிரசு தோற்று, மார்ச்சில் அண்ணாவின் ஆட்சி அமைந்தது. அழைத்தவர் ஒருவர், விருந்து படைக்க வேண்டியவர் மற்றொருவர். முன்னவர் செய்த அழைப்பு என்று புதிய ஆட்சி தட்டிக்கழிக்கவில்லை. பத்தே மாதத்தில், 1968 சனவரியில், மாநாடு நடந்தது. அரசியலில் இருவரும் எதிரெதிர் நின்றவர்கள். அழைப்பு மட்டும் கைமாறி நிலைத்தது. இதனை அக்காலத்துப் பொதுவாழ்வின் பெருமைகளுள் ஒன்றாகவே நாம் எண்ணுகிறோம்.

சென்னை மாநாட்டோடு ஒரு புதிய தன்மை வந்து சேர்ந்தது. அறிஞர்கள் ஒருபுறம் கட்டுரை படித்தனர்; மறுபுறம் மக்கள் வெள்ளம் அலங்கார வண்டிகளின் அணிவகுப்பைக் கண்டு மகிழ்ந்தது. மெரீனா கடற்கரையில் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ. உ. சிதம்பரனார் ஆகிய பதின்மருக்குச் சிலைகள் எழுந்தன. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நாம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டும் சிலைகள் அவையே. மாநாட்டை ஒட்டி எழுந்த கருத்தின் பயனாக 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் சென்னையில் அமைந்தது. கட்டுரைகளை ஆங்கில அறிஞர் ஆசர் பதிப்பித்து 1971இல் வெளியிட்டார். ஆக, இரண்டு மாநாடுகள் ஒரே பெயரில் ஒரே வாரத்தில் நடந்தன: ஒன்று மன்றத்தினுடையது, மற்றொன்று அரசினுடையது. இரண்டிற்கும் இருவேறு குழுக்கள், இருவேறு அளவுகோல்கள். ஊர்வலத்தைக் கண்டு முகம் சுளிக்கும் புலவர்களோடு நாம் உடன்படவில்லை. தன் மொழி உலகோரால் மதிக்கப்படுகிறது என்று ஒரு வண்டிக்காரர் நெஞ்சு நிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒரு நாள் கிடைப்பது சிறிய செய்தியன்று. ஆயினும், ஊர்வலத்திற்கு நாள் குறிக்கும் குழுவே ஆய்வரங்கிற்கும் நாள் குறிக்கத் தொடங்குமாயின் இடர் விளையும். அது பின்னால் விளையவே செய்தது.

1970 சூலையில் பாரிசில் நடந்த மூன்றாம் மாநாடு அமைதியானது. பிலியோசா தாம் பேராசிரியராயிருந்த கல்லூரியில் நான்கு நாட்கள் நடத்தினார். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நன்கு திட்டமிட்ட செயல்களைப் பற்றிக் கதை சொல்வது அரிது.

நான்காம் மாநாட்டின் கதை அவ்வாறு சொல்லி முடியத்தக்கதன்று. அது இலங்கையில் என்பது முடிவாயிற்று; இலங்கையில் எங்கே என்பதில் பிணக்கு எழுந்தது. கொழும்பில் நடத்த வேண்டுமென்பது அரசின் விருப்பம். தமிழர் வாழும் யாழ்ப்பாணத்தில் நடத்த வேண்டும் என்பது மற்றோர் கருத்து. அமைப்புக் குழுவிற்குள்ளேயே இது பிளவாயிற்று, தலைமை மாறிற்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பொறுப்பேற்று யாழ்ப்பாணத்தில் நடத்தத் துணிந்தார். இந்திய அறிஞர் சிலர்க்கு நுழைவு இசைவு கிட்டவில்லை. முந்தைய மாநாடுகளில் அரசும் குழுவும் ஒரே மேசையில் அமர்ந்தன. இங்கே மேசையின் மறுபுறத்து நாற்காலி வெறுமையாய்க் கிடந்தது. இருந்தும் 1974 சனவரி 3ஆம் நாள் மாநாடு தொடங்கிற்று. யாழ்ப்பாணத்து மக்கள் தம் வீடுகளின் முன் வாழை கட்டித் தெருக்களை அணி செய்தனர். ஆய்வரங்குகள் நிறைவுற்றபின் சனவரி 10ஆம் நாள் மாலை பொதுக்கூட்டம். திறந்தவெளி அரங்கில் நடக்க வேண்டியது, மக்கள் பெருகியதால் வீரசிங்கம் மண்டபத்தின் முன் நடந்தது. காவல் துறையினர் கூட்டத்தைக் கலைக்கப் புகுந்தனர், கண்ணீர்ப்புகை, மின்கம்பி அறுந்து விழுந்தது. வந்திருந்தோரில் சிலர் அங்கேயே மாண்டனர். அவர்களுக்கான நினைவுத்தூண்கள் அம்மண்டபத்தருகே நிற்கின்றன.

இதனைத் திட்டமிடலின் குறை என்று கூறுவார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மக்கள் தொகை மிகுந்தால் இடம் மாற்றுவது எந்த அமைப்பாளரும் செய்யக்கூடியதே. நம் ஆண்டு விழாவிலும் நாற்காலிகளை வெளியே போட்டதுண்டு. மாநாட்டுக் குழு எத்தனை முறை கூடினாலும், ஆள்வோர் அம்மாநாட்டை ஐயத்தோடு நோக்கும்போது, குழுவின் குறிப்பேட்டில் எழுதித் தவிர்க்க முடியாத ஒன்று வந்து சேர்கிறது. அந்த மாலைப் பொழுது ஈழத் தமிழரின் பின்னைய வரலாற்றில் எத்துணை ஆழமாய்ப் பதிந்தது என்பதை நம் தலைமுறையினர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் இடைவெளிகள் நீண்டன. 1966, 1968, 1970 என்று ஈராண்டிற்கொருமுறை நடந்தது, 1974க்குப் பின் 1981 சனவரியில் மதுரையில் நடந்தது. தனிநாயகம் அடிகளார் அதனைக் காணவில்லை. 1980 செப்டம்பர் முதல் நாள் மறைந்தார். அதே 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தரானவர், தில்லிச் சுற்றறிக்கையில் அவரோடு இணைந்த வ. அய். சுப்பிரமணியமே. 1987இல் மீண்டும் கோலாலம்பூர், 1989இல் மொரீசியசு, 1995 சனவரியில் தஞ்சாவூர். தஞ்சைக்கு வந்த இலங்கைப் பேராளர் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். அழைப்பிதழ் ஒரு துறையிலிருந்து போகிறது. வாயிற்கதவின் தாழ் வேறொரு துறையிடம் இருக்கிறது. அரசு அலுவலகங்களிலேயே வாழ்நாளைக் கழித்த நம்மில் பலர்க்கு இது புதிதன்று எனினும், அழைத்த பேராளரைத் திருப்பி அனுப்புவதற்கு அது சமாதானமாகாது.

இனி, காலமும் திட்டமிடலும் நேருக்கு நேர் மோதிய நிகழ்ச்சியைக் காண்போம். 2009 செப்டம்பரில் முதலமைச்சர் கருணாநிதி, ஒன்பதாம் உலகத் தமிழ் மாநாடு 2010 சனவரியில் கோவையில் நடக்கும் என அறிவித்தார். அப்போது மன்றத்தின் தலைவர் சப்பானிய வரலாற்றறிஞர் நொபுரு கராசிமா. சோழர் கல்வெட்டுகளைக் கணக்கெடுத்து, நிலவுடைமையின் மாற்றங்களை வெளிக்கொணர்ந்தவர். ஒரு சொல்லைக் கூடச் சான்றின்றி எழுதாதவர். நான்கு மாதத்தில் ஆய்வு மாநாடு நடத்த இயலாது, குறைந்தது ஓராண்டேனும் வேண்டும் என்றார் அவர். அரசு 2010 சூன் வரை நீட்டியது. மன்றத்தார் அவ்வாண்டின் இறுதியோ அடுத்த ஆண்டின் தொடக்கமோ வேண்டும் என்றனர். தமிழகத்தில் 2011இல் சட்டமன்றத் தேர்தல். அதற்குமேல் தள்ள அரசு இசையவில்லை. முடிவில், மன்றத்தின் பெயரின்றி, உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்னும் பெயரில் 2010 சூன் திங்களில் கோவையில் பெருவிழா நடந்தேறியது. பின்னர்க் கராசிமா தலைமைப் பொறுப்பினின்று விலகினார்.

கோவைக்குச் சென்று வந்த நம் உறவினர்கள் அதன் கண்காட்சியையும் ஊர்வலத்தையும் இன்றளவும் வியந்து பேசுகின்றனர். அவர்கள் மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. மொழிக்குச் செம்மொழித் தகுதியை 2004இல் நடுவண் அரசு அறிவித்திருந்தது. அதனைக் கொண்டாட விரும்பிய அரசின் ஆவலிலும் நியாயம் உண்டு. ஆயினும், கராசிமா கேட்டது என்ன? ஓர் ஆய்வாளர் புதிய கட்டுரை ஒன்றை எழுத ஆகும் காலம். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ பணிபுரியும் ஒருவர் வகுப்புகளுக்கு ஒழுங்கு செய்துவிட்டு, நல்கை கோரி, நுழைவு இசைவு பெற்று வந்து சேர ஆகும் காலம். வந்த கட்டுரைகளைப் படித்துத் தகுதியற்றவற்றை மறுக்க ஆகும் காலம். இந்த மூன்றாவதற்கே மிகுதியும் நாள் வேண்டும். மறுப்பது ஏற்பதைக் காட்டிலும் கடினமான வேலை. 1964இல் தில்லியில் கூடியவர்கள் தமக்கு இரண்டாண்டிற்கு மேல் கொடுத்துக்கொண்டனர். மின்னஞ்சல் வந்தபின் கடிதம் விரைவாகப் போகிறது என்பது உண்மை. கல்வெட்டு விரைவாகப் படிக்கப்படுவதில்லை. இவ்வழக்கில் நாம் சப்பானியப் பேராசிரியரின் பக்கமே நிற்கிறோம்.

அந்த ஆண்டில் வேறு சிலவும் நேர்ந்தன. 2009 சனவரியில் சுவலபில் மறைந்தார். சூன் இறுதியில் வ. அய். சுப்பிரமணியம் மறைந்தார். தில்லி மேசையைச் சுற்றி அமர்ந்து மன்றத்தைத் தோற்றுவித்த தலைமுறை அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. மூன்று மாதத்திற்குள் கோவை அறிவிப்பு வெளிவந்தது.

மன்றத்தின் ஒன்பதாம் மாநாடு பின்னர் 2015 சனவரி இறுதியில் தொடங்கியது. தஞ்சைக்குப் பின் இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. இடம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம்: தோட்டத் தொழிலாளர் ஆளுக்கொரு வெள்ளி தந்து நூல் வாங்கிக்கொடுத்த அதே பல்கலைக்கழகம்.